அக்காவின் சுருட்டை முடியும் என் பொறாமையும்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டுக்கொண்டார். நல்லதாக நாலு வார்த்தை எழுதும்மா என்றார். நல்லதை எல்லோரும் சொல்வார்கள். தங்கை சொல்ல வேண்டியது வேறு. அக்கா உயிரோடிருந்த அத்தனை வருடமும் நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். முதலில் அவருடைய முடியின்மேல், பிறகு அந்த முடியைத் தேடி வந்தவர்கள் அவர்மேல் வைத்த பிரியத்தின்மேல்.

அக்கா கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. அப்பாவுக்குத் தலை நிறையச் சுருட்டை. அது அப்படியே அக்காவுக்கு வந்தது, எனக்கு அம்மாவின் கோரை முடி. சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும் என்று ஒரு பழமொழி உண்டல்லவா? வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் காப்பி குடித்ததில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அக்காவின் தலைக்குள் விரல்களை விட்டு அளைந்துகொண்டே அம்மாவிடம் பேசுவார். நானும் போய்த் தலையை நீட்டுவேன். ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார்.

உண்மையைச் சொன்னால் அந்த முடியால் அக்கா சுகப்படவில்லை. அம்மாவுக்கு அதைக் கையாளத் தெரியாது. காய்ந்த தலையில் சீப்பை விட்டு இழுப்பார், சீப்பின் பல் உடையும், அக்கா அலறுவார். பிறகு ஒரு கை விளக்கெண்ணெய். பள்ளியில் அவருக்குக் குருவிக்கூடு என்று பெயர். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று அடிக்கிற நாட்களில் ஊர்த் தூசியெல்லாம் அவர் தலையில்தான் தங்கும். அதையெல்லாம் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்பா போய்ச் சேர்ந்தார், சில வருடங்களில் சுரங்கமும் மூடியது. குடும்பத்தைத் தாங்கியவர் அக்காதான். விடியுமுன் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய், ஒரு துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி சட்டைகளைச் சோதித்து, இருட்டியபின் வீடு திரும்புவார். என்னைப் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். அவருக்குக் குழந்தை இல்லை. ஒருமுறையும் அதைச் சொல்லி அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அந்த ரயிலில்தான் ஒரு பெண் அக்காவின் தலையைப் பார்த்துவிட்டு, சுருட்டை முடியைக் காய்ந்திருக்கும்போது சீவவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். ஷாம்பு மண்டைத்தோலுக்கு மட்டும். கண்டிஷனரைக் கை நிறைய எடுத்து நுனியில் தடவி, ஈரத்திலேயே விரலால் சிக்கெடுத்து மெல்ல மேலே வர வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீர். இதற்காக மாமா புலம்பாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. துண்டால் தேய்க்காமல் மாமாவின் பழைய பனியனால் ஒற்றி, ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடிகட்டிய வழுவழுப்பைத் தடவி, கைக்குள் கசக்கிக் கசக்கி விடுவார். நாற்பது வயதுக்கு மேல் அக்காவின் தலை பூத்தது. கோயிலில் அவருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து நான் பிரசங்கம் கேட்டதே இல்லை.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் சுருட்டைத் தலைகளாக நிற்கும். யாரிடமும் அவர் ஒன்றும் வாங்கியதில்லை. வந்தவர்களில் என் மகள் பெர்சியும் ஒருத்தி.

என் வயிற்றில் பிறந்தவளுக்கு அக்காவின் முடி. என் பங்குக்கு நானும் அம்மாவைப் போலவே காய்ந்த தலையில் சீப்பை விட்டேன், அவளும் அலறினாள். அக்கா கையில் மட்டும் பூனைக்குட்டி மாதிரி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த மூன்று மணி நேரமும் பேச்சுத்தான். நான் பூண்டு உரிக்கிற சாக்கில் வாசற்படியில் உட்கார்ந்து அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வந்து உட்கார்ந்ததும் பேச்சுக் குறைந்துவிடும். அவள் வயதுக்கு வந்த செய்தியே அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவளுக்கு இரண்டாவதாகத் தெரிகிறது. அன்றைக்கு எரிந்த வயிறு அடங்கவே இல்லை.

அந்த எரிச்சலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உறவில் ஒரு கல்யாணம் வந்தது. போட்டோவில் அழகாக விழும் என்று ஆசை காட்டி, அக்காவுக்குத் தெரியாமல் பெர்சியை ஒரு பார்லருக்கு அழைத்துப்போய் முடியை நேராக்கி விடச் சொன்னேன். மருந்து தடவும்போதே தலை காந்துகிறது என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். கல்யாணத்தில் என் மகளின் தலை என் தலை மாதிரியே இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டே மாதத்தில் முடி பாதியில் முறிந்து கொத்துக் கொத்தாக வந்தது. காதோரம் வெறும் தோல் தெரிந்தது. பெர்சி துப்பட்டாவால் தலையைச் சுற்றிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா துப்பட்டாவை அவிழ்த்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"எம்மேல கோவம்னா எந்தலையில கை வெச்சிருக்கலாம் இல்ல? கொழந்த தலையில இன்னாத்துக்குடி வெச்ச?"

அக்கா கத்தரியை எடுத்து, பெர்சியைப் பேச்சில் இழுத்துக்கொண்டே முறிந்ததையெல்லாம் வெட்டினார். மறுபடி அது சுருள ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை என் மகள் என் கையைத் தலையில் பட விடவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கோலாரில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்ததில் பின்னந்தலை முடி திரண்டு கட்டியாகிவிட்டது. மொத்தமாக எடுத்துவிட்டால் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். மாமாவும் தலையை ஆட்டினார். அக்காவுக்குக் கண்ணோரம் வழிந்தது. எனக்கு ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டேன்.

காலையில் ஆரம்பித்தேன். தண்ணீர் தெளித்து, கண்டிஷனரில் ஊற வைத்து, நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாக விரலால் பிரித்தேன். பெர்சி எதிரே நின்று, தப்புச் செய்தால் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது போல என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியபோது ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து சுருண்டது. அக்கா கோணிய வாயால் கேட்டார்.

"எப்போடி கத்துக்கின?"

"வயிறெரிஞ்சிக்கினே பாத்தேன் இல்லக்கா. அப்ப கத்துக்கினேன்."

அக்கா பாதி முகத்தால் சிரித்தார். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். முழுத் தலையோடுதான் போனார்.

அடக்கத்தன்று எத்தனை சுருட்டைத் தலைகள் வந்தன! முன்பின் தெரியாத பெண்கள் கூட அம்மாவைப் பறிகொடுத்தவர்கள்போல் அழுதார்கள். பெர்சியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்று பெட்டியின் பக்கத்தில் நின்று யோசித்தேன். பாவிதான், என்ன செய்வது?

இப்போது ஞாயிறுதோறும் பெர்சி என் முன்னால் தலையை விரித்துக்கொண்டு உட்காருகிறாள். மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. போன ஞாயிறு தானாகவே சொன்னாள். அவள் அனுமதியோடு எழுதுகிறேன். முதல் பி.யூ.சி.யில், அதாவது பதினோராம் வகுப்பில், கணக்கில் ஒரு பரீட்சை தோற்றாளாம். கல்லூரியில் பெற்றோர் கையெழுத்துக் கேட்டபோது அக்கா போய் என் பெயரைப் போட்டுவிட்டு வந்தாராம். என் பெயரை! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அக்கா வீட்டுக்குச் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். தெருமுனை வரை வேகமாகத்தான் நடந்தேன். அங்கேதான் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

அக்காவின் சுகவீனத்தில் கூட இருந்த மருத்துவர்கள், நர்ஸ்மார்கள், இரவு பகலாக ஜெபித்த சபையார், லீவு போட்டுவிட்டு வந்து நின்ற ரயில் சிநேகிதிகள், கேன் தண்ணீரைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்றிருக்கும் மாமா, அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. பாதித் தலை சிக்கோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து, அந்தத் தெருமுனையிலிருந்து என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்த என் மகளுக்கும் நன்றி.