கடை வாசலில் மட்டும் குளிரும் கார்

கள்ளக்குறிச்சியில் கார் ஏசி பழுது பார்க்கும் தீனதயாளனுக்கு மூக்குதான் மீட்டர். காற்று வரும் துவாரத்தில் மூக்கு நுனியை வைப்பார். கேஸ் கம்மியா, கம்ப்ரஸர் மக்கர் பண்ணுகிறதா, சொல்லிவிடுவார். அவர் சரிசெய்த காரில் சின்னசேலத்திலிருந்து வந்த தயிர் கல்லாய் உறைந்துவிட, கடப்பாரையால் வெட்டி எடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு. அவர் மறுக்கவில்லை. கடப்பாரை இல்லை, உளி என்று திருத்தினார், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மூக்கை ஒரு வெள்ளைக் கார் நான்கு சனிக்கிழமையாக அறுத்துக்கொண்டிருந்தது. கல்வராயன் மலைப் பள்ளிக்கு அதில் தினமும் போய்வரும் தலைமையாசிரியை விஜயலட்சுமியின் கார்.

"காலைல குளிருது தீனா. சாயந்தரம் வந்தா வுட்டு வுட்டு வருது, அப்புறம் அனலு."

கடைக்கு வந்தாலோ, உள்ளே உட்காரக் கம்பளி வேண்டும். கேஸை அளந்தார், ரிலேயை மாற்றினார், ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்தார். மருந்துக்கும் குறை இல்லை.

நான்காவது வாரம் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா சேலத்துக்கு எடுத்துக்கினு போயிடுவேன். எங்க ஸ்டாஃப் காரு ஆறும் என் பின்னாலயே வரும்."

ஆறு கார் போனால் கோடை முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். அதைவிட, தீனா மூக்கு அடைத்துப்போச்சு என்று ஊர் சிரிக்குமே!

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து மலையேறினார். பள்ளி விட்டதும் டீச்சரோடு காரில் உட்கார்ந்தார். ஏசி வந்தது, நின்றது, வந்தது. இரண்டு திருப்பம் தாண்டியதும் மணி உதிர்க்க, அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தார்கள். மலை விவசாயி பாண்டியன் கை காட்டினார்.

"டீச்சரம்மா, நாலு தபா ஏத்தி எறக்குங்க! உங்க காருதான் பதமா மெதிக்குது."

டீச்சர் மறுபேச்சில்லாமல் முன்னும் பின்னும் ஓட்டினார். நொறுங்கிய செடியின் பொட்டும் தூசியும் காரை மூடின. ஏசி பெருமூச்சு விட்டு அனலைக் கக்கியது.

"இது தெனமுமா?"

"பின்ன? நம்ம புள்ளைங்க வூட்டுக் கொள்ளு. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

தீனதயாளன் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். முன்னால் காற்று வாங்கி ஏசியின் சூட்டைத் தணிக்கும் கண்டென்சர், பொட்டால் கம்பளி போர்த்தியிருந்தது.

"சனிக்கிழம இது பளபளன்னு இருந்துச்சே டீச்சர்!"

"காலைல ஓஸ் புடிச்சு முன்னாடி பின்னாடி கழுவிட்டுத்தான கொண்டாருவேன்? அழுக்கு வண்டிய இன்னொருத்தர் வாசல்ல நிறுத்தினா இன்னா மரியாத?"

தீனதயாளன் தலையைப் பானெட்டில் சாய்த்தார், சுட்டதும் எடுத்தார். பையிலிருந்த பெயிண்ட் பிரஷால் அரைமணி நேரம் பெருக்கினார். விழுந்த பொட்டைப் பாண்டியன் சாக்கில் அள்ளிக்கொண்டார், ரெண்டு மாட்டுக்கு ஆகுமாம். பிறகு ஏசி போட, மூக்கு நுனி விறைத்தது.

"அப்போ நாலு வாரமா ரிப்பேர் பண்ணது நான்தான், நீ இல்ல," என்றார் டீச்சர்.

"சேலத்துக்குப் போறீங்களா?" என்றார் தீனதயாளன்.

"அங்கயும் கழுவிட்டுத்தான போயிருப்பேன்? அவனும் முழிச்சிருப்பான். ஸ்டாஃப் காரெல்லாம் இதே கொள்ளத்தான் மெதிக்குது. திங்கக்கிழம அனுப்புறேன், கழுவாமயே."

தீனதயாளனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிரஷை உதறிக் காரில் ஏறினார்.

"டீச்சரம்மா, போறதுக்கு முன்ன கடைசியா ஒரு தபா!" என்றார் பாண்டியன்.

டீச்சர் ரிவர்ஸ் கியர் போட்டார்.