பேரு வெட்டுன வீடு

காலை ஆறே முக்காலுக்குப் பழனிசெட்டிபட்டியில் கம்பம் பஸ் ஏறினேன். கையில் தண்ணீர் பாட்டில், ஒரு இட்லிப் பொட்டலம், போன். உத்தமபாளையத்துக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய்.

“பொம்பளைகளுக்குக் காசில்லாத டவுன் பஸ் பின்னால வருதே, அதுல வரலாம்ல?” என்றார் கண்டக்டர்.

“அது நின்னு நின்னு வரும். எனக்கு அவசரம்.”

அவசரம் என் பூட்டனால். பூட்டன் என்றால் என் அப்பாவின் தாத்தா. பெயர் மாயாண்டி. வெள்ளைக்காரன் காலத்து முதல் பெரிய சண்டைக்குப் போனவர். இப்போதைய ஈராக்கில் இருக்கிற பசரா என்ற ஊருக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

நான் பிறந்த ஊர் சின்னமனூருக்குப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குப் போனவர்களுக்கு இப்போது கோயில் முன்னால் கல் வைக்கிறார்கள். எட்டுப் பேர். ஒன்பதாவது எங்கள் பூட்டன். அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

காரணம் இதுதான். பூட்டனோடு போன உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், சண்டை முடிந்து எங்கள் வாசலுக்கு வந்தாராம். “மாயாண்டி செத்துட்டாக. பேரை வெட்டியாச்சு” என்றாராம். பட்டாளத்தில் பேரை வெட்டுவது ஓடிப்போனவனுக்குத்தான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஓடிப்போய் எங்கோ செத்தான் என்றார்கள். பூட்டன் பெண்சாதி அதற்கு மேல் கேட்க மாட்டாமல் ராவுத்தர் முகத்தில் கதவைச் சாத்திவிட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெயர் ‘பேரு வெட்டுன வீடு’. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அதைச் சொல்லி இரண்டு இடம் தட்டிப் போனது.

ஐந்தாம் வகுப்பில் என் பெயரையும் பள்ளிக்கூடத்தில் வெட்டினார்கள். நான் ஓடவில்லை. நாற்று நடப் போனேன். அதனால் அந்தக் கதையை நான் முழுசாக நம்பியது கிடையாது.

போன வாரம் கல் கமிட்டித் தலைவர் பெருமாளிடம் கேட்டேன். எனக்குச் சித்தப்பா முறை.

“ஏத்தா, ஒன்னையக் கட்டிக்குடுத்து முப்பது வருசமாச்சு. பெறந்த வீட்டுப் பெருமை இப்ப எதுக்கு?”

“பெருமை கேக்கல சித்தப்பா. பேரு கேக்குறேன்.”

“ஓடலைன்னு காட்டு. போடச் சொல்றேன். வெள்ளிக்கெழம கல்லு வேலைக்கு ஆசாரி வாராக.”

நான் கிளம்பியது புதன்கிழமை.

வீரபாண்டியில் ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. சின்னமனூர் தாண்டினால் வாழை, வயல், தென்னை. மேற்கே மலை கூடவே வந்தது. உச்சியில் மேகம். பஸ்ஸில் எல்லோரும் போன் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன்.

எட்டு மணிக்கு உத்தமபாளையம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், பசரா போன ராவுத்தர் வீடு எது என்று கேட்டேன். “பசரா வீடா? பள்ளிவாசல் தாண்டி ரெண்டாவது சந்து” என்று உடனே சொன்னார்கள். ஒரே சண்டை. அவர்களுக்குப் பசரா வீடு. எங்களுக்குப் பேரு வெட்டுன வீடு.

ராவுத்தரின் பேரர் காதர் மைதீன் வாசலில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபது வயது. நான் யார் என்று சொன்னதும் வேலையை நிறுத்தினார்.

“மாயாண்டி வீட்டு ஆளா? ஒரு வழியாக் கதவைத் தொறந்துட்டீகளாக்கும்.”

“நாங்க தொறந்துட்டோம்ணே. நீங்க சாத்திராதீக.”

சிரித்தார். உட்காரச் சொன்னார். டீ வந்தது. அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள்.

“எங்க அத்தாவோட அத்தாவும் ஒங்க பூட்டனும் கோவேறு கழுதை ஓட்டுனாக. கையில துப்பாக்கி கெடையாது. தோட்டாப் பெட்டி, தண்ணி, மாவு மூட்டை எல்லாம் கழுதை மேலதான். ஒங்க பூட்டன் அங்கன காய்ச்சல்ல செத்தாக. சாகுறப்பவும், கழுதைக்குத் தண்ணி காட்டுனியான்னுதான் கேட்டாகளாம்.”

“ஓடலையே? பெறகு ஏன் பேரை வெட்டுனாக?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“கல்லுல வெட்டுனாகத்தா. எங்க அத்தாவோட அத்தாதான் காசு போட்டு வெட்டுனாக. அதைச் சொல்லத்தான் ஒங்க வீட்டுக்கு வந்தாக.”

டீ ஆறிப்போனது. பேரை வெட்டுவது என்றால் அடித்துவிடுவதும் உண்டு, கல்லில் செதுக்குவதும் உண்டு. எங்கள் ஊருக்கு முதலாவதுதான் தோன்றியிருக்கிறது.

அந்தக் கல் கூடலூர் தாண்டி இருக்கிறது என்றார். கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப் ஒன்று காலியாகக் கூடலூர் பக்கம் போனது. காதர் அண்ணனும் ஏறினார். கம்பம் பத்து கிலோமீட்டர், கூடலூர் இன்னொரு பத்து. ஏலக்காய் மூட்டை வாசம். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்புக்கு முன்னால் பழைய ரோடு பிரிகிற இடத்தில் இறங்கினோம். குமுளி மலை ஏறும் பொதிமாடுகள் முன்பு நின்று தண்ணீர் குடித்துப் போன இடமாம்.

புளியமரம், டீக்கடை, கல்தொட்டி. தொட்டி ஏழடி நீளம், ஒற்றைக் கல். ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன. டீக்கடைக்கார அம்மா தினமும் குழாய் போட்டு நிரப்புகிறார். யார் வைத்த தொட்டி என்று அவருக்குத் தெரியாது. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து எழுத்து மூடிப்போயிருந்தது. தேங்காய் நார் வாங்கித் தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

‘பசராவில் இறந்த கழுதைக்கார மாயாண்டி உபயம்.’

“செத்தவுக எப்பிடித்தா உபயம் குடுத்தாக?” என்றான் ஜீப் டிரைவர்.

“ஏலே, நீ போயி வண்டியத் தொடை” என்றார் காதர் அண்ணன்.

காசு போட்ட ராவுத்தர் பெயரைத் தொட்டியைச் சுற்றித் தேடினேன். எங்கும் இல்லை. போனில் நான்கு படம் எடுத்தேன். திரும்புகிற பஸ்ஸில் காதர் அண்ணன் உத்தமபாளையத்தில் இறங்கிக்கொண்டார். “அடுத்த தரம் வீட்டுல சோறு” என்றார்.

நாலு மணிக்குப் பிறந்த ஊரில் இறங்கினேன். பெருமாள் சித்தப்பா கோயில் முன்னால்தான் இருந்தார். படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு முறை படித்தார்.

“ஓடலை. சரிதான்” என்றார். பிறகு, “கழுதைக்காரன்னு இருக்கே?”

“ஆமா.”

“மத்த எட்டுப் பேரும் சிப்பாய். நடுவுல கழுதைக்காரன்னு வந்தா நாலு பேரு சிரிப்பாக. சிப்பாய் மாயாண்டின்னு போட்டுருவோம். கடைசிப் பேரா வந்துரும்.”

“எட்டுப் பேருக்கும் தோட்டா நடந்தா வந்துச்சு சித்தப்பா?”

அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“கழுதைக்காரர்னே போடுங்க. முடியாட்டி விட்ருங்க.”

“வீம்பு பிடிக்காத. கெடைக்கிற நேரத்துல வாங்கிக்கிறணும்.”

“அவரு செய்யாத வேலையச் சொல்லி அவருக்குப் பேரு வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை ஆசாரி வந்தார். கல் வைத்தாயிற்று. எட்டுப் பெயர்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. ஓடிப்போனவன் என்று இனி யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. சொன்னால் போனை நீட்டுவேன்.

கூடலூர் வழியாகக் குமுளி போகிறவர்கள் பழைய ரோட்டில் இறங்கிப் பாருங்கள். எழுத்து தொட்டியின் மேற்குப் பக்கம் இருக்கிறது. ஆடு மாடு குடித்துக்கொண்டிருந்தால் விரட்டாதீர்கள். அதுகள் குடித்து முடித்த பிறகு படிக்கலாம்.