கோவத்துக்குப் போட்ட மச்சு

அருப்புக்கோட்டையில் நாங்கள் விலை பேசிய பழைய ஓட்டு வீட்டில், கூரைக்கடியில் பலகையடித்து ஒரு மச்சு ரூம் போட்டிருந்தார் வீட்டுக்காரர். ஒல்லியான மனிதர், பேசுமுன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைப்பார். ரூமுக்கு அனுமதியில்லை, பிரித்தால்தான் லோன் என்று பேங்கில் சொன்னதைத் தயங்கியபடி சொன்னேன்.

"எம் பொண்டாட்டிக்குக் கோவம் வந்தா திருச்சுழிக்கு அவ அம்மா வீட்டுக்கு பஸ்ஸு ஏறிருவா தம்பி. அதுக்குத்தான் இதப் போட்டேன். பெறகு மச்சுக்குத்தான் ஏறுவா. சோத்துக்கு எறங்கித்தான ஆகணும்?"

"அப்ப பிரிக்க வேணாமாண்ணே?"

"பிரிங்க. வித்தாத்தான் மதுரைக்கு மகன்கிட்டப் போக முடியும். அவ இல்லாத நாளாப் பாத்துப் பிரிங்க, தாங்கமாட்டா."

பிரித்த அன்று அந்தம்மாதான் வந்து நின்றார். "அவுகளுக்குப் பாக்க மனசில்லையாம், என்னைய அனுப்பிட்டாக," என்றார்.

யாருக்காக நாள் பார்க்கச் சொன்னாரோ மனிதர்!