டிவி மேல் இருந்த மீன் டின்

“...நெறைய அடைச்சதுனால உப்பல யக்கா, உள்ள கெட்டுப்போய் உப்பியிருக்கு. தொறந்துராதிய!” என்று என் கையைப் பிடித்தாள் பக்கத்து வீட்டு மைமூன்.

அவள் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மீன் டின் அது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வந்த நாத்தனார் பிள்ளைகளுக்குப் பரிமாற எடுத்திருந்தேன்.

“எங்கன வச்சிருந்திய?”

“டிவி மேலதான். வாறவிய போறவிய பாக்கட்டுமேன்னு.”

“நல்லா பாத்தாவ போங்க! மாசக்கணக்கா டிவி சூட்டுல இருந்தா கெடாம என்ன செய்யும்?”

டின்னைத் திறக்காமலே கொல்லையில் புதைத்தோம். இப்போது டிவி மேல் பிளாஸ்டிக் பூ மட்டும்தான் வைக்கிறேன். உப்பிய டின் எதையும் திறப்பதில்லை.

அன்று மைமூன் கை கழுவக்கூட நிற்கவில்லை. “யக்கா, எங்க வீட்டு டிவி மேலயும் ரெண்டு இருக்குல்லா!” என்று ஓடினாள்.