வட்டம்தான் வரல

மகளின் புது நீச்சல் கண்ணாடியைப் பிரித்ததும் ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. ஓசூர் ஃப்ளாட்டில் நின்றபடியே நான் அந்தமானில் மூழ்கிவிட்டேன்.

செல்போனில் கேமரா வந்த புதிது. அப்பாவின் வலது ஆள்காட்டி விரலைக் கம்பெனியின் பவர் பிரஸ் மெஷின் பறித்திருந்தது. அந்த நஷ்டஈட்டில், கடலடியைப் பார்த்தே தீருவேன் என்று எங்களைக் கப்பலேற்றினார்.

"கீழ எல்லாம் சரின்னா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வட்டம் காட்டுங்க. காட்டலன்னா மேல கூட்டிட்டு வந்துருவேன்," என்றார், ரப்பர் மாஸ்க்கும் காற்றுக் குழாயும் மாட்டிவிட்ட கைடு.

முதலில் நான் இறங்கினேன். விரல் நீள மீனுக்குப் பயந்து மேலே வந்து, குடித்த கடலையெல்லாம் கக்கினேன்.

"சிங்கக்குட்டி," என்று அம்மா தலை துவட்டினாள்.

அடுத்து அப்பா. இடது கை கைடின் பிடியில். கைடு சைகையில் கேட்க, இல்லாத விரலால் வட்டம் போட்டார். மறுபடி கேட்க, மறுபடியும் அதையே போட்டார். கைடு பயந்து மேலே இழுத்து வந்துவிட்டார். படகில்தான் கைடு அப்பாவின் கையைச் சரியாகப் பார்த்தார். அதற்குள் அடுத்த குடும்பம் தயாராக நின்றது.

"உள்ள நல்லாத்தான்டா இருந்துச்சு. வட்டம்தான் வரல," என்றார் அப்பா.

"விரலக் குடுத்துத்தான் வந்தோம். இங்கயும் விரலையே கேக்குறாங்க," என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் கப்பலில் அப்பா நடுவிரலால் வட்டம் போட்டுப் பழகிக்கொண்டே வந்தார். "அடுத்த தடவ பாருடா."

அடுத்த தடவை வரை அவர் இருக்கவில்லை.

"ஓகேவாப்பா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகள் வட்டம் காட்டினாள். நானும் காட்டினேன்.

"அய்யோ, அது நடுவிரலுப்பா!"