முட்டையும் பாலும் குடித்த கருப்பு அம்பாசிடர்

முட்டையின் வெள்ளைக்கருவைக் காய்ச்சாத பாலில் அடித்துக் கலக்கி, அதில் கொஞ்சம் அரக்கும் கருப்புச் சாயமும் சேர்த்து, வெயிலில் சூடேறிக் கிடக்கும் தகரத்தின் மேல் தடவினால் ஒரு வாடை எழும். பாதி பேக்கரி, பாதி ஆடு அறுக்கும் தொட்டி. என் பத்தாவது வயதின் கோடை முழுக்க அந்த வாடையில்தான் கழிந்தது. வாசனையின் விரலைப் பிடித்துக்கொண்டு பால்யத்துக்குள் நடந்துபோன பெரிய எழுத்தாளர்களை நானும் படித்திருக்கிறேன். அவர்களுக்கு மல்லிகை வாய்த்தது, மழை விழுந்த மண் வாய்த்தது. எனக்கு வாய்த்தது ஒரு வாடகைக் கார்.

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் 'பினிஷிங்' பிரிவில் இருந்தார். பதனிட்ட தோலுக்குக் கடைசிப் பளபளப்பை ஏற்றுகிற இடம் அது. பாலும் முட்டையும் அரக்கும் சேர்ந்த அந்தக் கலவைக்கு அங்கே 'சீசன்' என்று பெயர். அதைத் தோலில் தடவிக் காயவைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும்; ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கரையாமல் இருப்பதற்காகக் கடைசியில் மேலே ஃபார்மலின் அடிப்பார்கள். கண்ணைக் கரிக்கிற, மூக்கைத் துளைக்கிற அந்தப் புகையை வருடக்கணக்கில் உள்ளே வாங்கியதில் அப்பாவின் நெஞ்சுக்குள் ஒரு விசில் குடிவந்துவிட்டது. அவர் மாடிப்படி ஏறினால் கீழே இருக்கிற எங்களுக்கு எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று தெரியும். வேலூர் டாக்டர், "இனி அந்த வாசல் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டதால், வேலையை விட்டுவிட்டுக் கைக்கு வந்ததைப் போட்டு, வாடகைக்கு ஓட்டலாம் என்று ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினார். ஆச்சரியப்படும்படி மலிவாகக் கிடைத்தது. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அம்மா அந்த ஆச்சரியத்தை விளக்கினாள்: வண்டி கருப்பு.

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் வெள்ளை வண்டிதான். கருப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள் என்றால் யாரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும், இல்லாவிட்டால் சாவு வீட்டுக்கு உறவுக்காரர்களை அள்ளிப்போக வேண்டும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அதற்குச் 'சாவு வண்டி' என்று பேர் வைத்தார்கள். "நல்ல காரியத்துக்குக் கருப்பு ஆவாது" என்று சொல்லாத பெரியவர் எங்கள் தெருவில் இல்லை. அதே பெரியவர்கள் பெண்பிள்ளையான என்னைப் பார்த்தும் உச்சுக்கொட்டுவார்கள், ஏனென்றால் எங்கள் வீட்டில் கருப்பு இரண்டு. "வண்டிக்காச்சும் பெயிண்ட்ட மாத்திக்கலாம்" என்று ஒரு அத்தை சொன்னாள். வாக்கியத்தின் மறுபாதியைச் சொல்லாமல் விட்ட அவளுடைய நாகரிகத்தை இன்றும் மெச்சுகிறேன்.

பெயிண்டை மாற்ற அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கையில் காசு இல்லை என்பது ஒரு காரணம். "வெள்ளையில பளபளப்பு எவன் வேணா காட்டுவான், கருப்புல கொண்டாறதுதான் வேல" என்பது அவர் வாய்விட்டுச் சொன்ன காரணம். ஆனால் கல்யாணச் சவாரி இல்லாமல் வாடகை வண்டி பிழைக்காது. ஒரே ஒரு மாப்பிள்ளை ஏறிவிட்டால் போதும், அடுத்த மாப்பிள்ளைகள் தானாக வருவார்கள் என்று அப்பா நம்பினார். வைகாசி முகூர்த்தங்களுக்குள் அந்த ஒரு மாப்பிள்ளை கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு மறுபடியும் டேனரிக்கே போக வேண்டியதுதான். நெஞ்சில் விசிலோடு அந்தப் புகைக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் வீட்டில் பேசவில்லை. பேசாததால்தான் எனக்குப் புரிந்தது.

கருப்பு வண்டி வைத்திருப்பவனுக்கு ஊரே எதிரி. சுண்ணாம்புத் தூசி, உப்புத் தூசி, லாரி கிளப்புகிற தூசி எல்லாம் அதன்மேல்தான் வந்து உட்காரும். கழுவலாமென்றால் எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஊற்றித் துடைத்துக் காய்ந்ததும் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி பூக்கும். குடிக்கிற நல்ல தண்ணீர் லாரியில் வரும். ஒருநாள் அதிலிருந்து ஒரு குடத்தை அப்பா வண்டிப் பக்கம் நகர்த்துவதை அம்மா பார்த்துவிட்டாள். "அதுக்கு நல்ல தண்ணில குளியலு, நாங்க இன்னா அதக் கழுவன தண்ணியக் குடிக்கணுமா?" குடம் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காதர் பாய் வந்தார். அப்பாவோடு அதே டேனரியில் ஸ்பிரே அடித்தவர். அப்போதும் அங்கேதான் இருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, "இன்னா தோஸ்து, ஒடம்பெல்லாம் தேமல் வந்து கீது?" என்றார்.

அப்பா வெகுநேரம் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "காதரு, நாம பாக்காத கருப்பா? செத்த மாட்டுத் தோலையே மொகம் பாக்கற மாதிரி பண்ணி அனுப்சிருக்கோம். இது உயிரோடதான இருக்குது?"

உலகத்தில் வேறெந்த ஊரிலும் இரண்டு பெரிய மனிதர்களுக்கு இந்த யோசனை வந்திருக்காது. கார் மெழுகு என்று ஒன்று கடையில் விற்பது அவர்களுக்குத் தெரியும். அது தெரியாதவர்களுக்கானது என்று நினைத்தார்கள். காதர் பாய் அரக்கும் சாயமும் கொண்டுவந்தார். முட்டையும் பாலும் எங்கள் அடுப்படியிலிருந்து போயின. மெத்தை வைத்த கட்டையால் ஒரே சீராக இழுத்துத் தடவி, காயவிட்டு, ஆட்டுத்தோலின் மயிர்ப்பக்கத்தால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்தார்கள். மேல் கோட்டுகளில் சாயம் கிடையாது, வெறும் முட்டையும் பாலும் அரக்கும்தான். பனைவிசிறியால் ஈ ஓட்டுவது என் வேலை. ஈயாவது சொன்னால் கேட்டது, பூனைகள் கேட்கவில்லை. தெருப் பூனைகள் வரிசையில் நின்று நக்கிய கார் இந்தியாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

"கடசியா ஃபார்மலின் அடிச்சாத்தான் மழைக்கு நிக்கும்" என்றார் அப்பா.

காதர் பாய் மயிர்த்தோலைக் கீழே போட்டார். "மழையா? இந்த ஊர்லயா? போன வருசம் பேஞ்சதே எனக்கு ஞாபகம் இல்ல. உன் நெஞ்சுப் பக்கத்துல அந்த டப்பாவத் தொறக்க மாட்டேன்."

"தூரமா நிக்கிறேன்யா."

"ஜாஸ்தி பேசுன, மீதி சீசனை உன் தலையில ஊத்தித் தேய்ச்சிடுவேன். அதுவாச்சும் பளபளக்கட்டும்."

அப்பாவுக்கு வழுக்கை. பேச்சு அதோடு முடிந்தது.

காய்ந்து முடிந்தபோது அது கார் மாதிரி இல்லை. தெருவில் யாரோ ஒரு துண்டு கிணற்றை வெட்டிவைத்தது மாதிரி இருந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போகிற சாக்கில் வந்து கதவில் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொண்டார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். நான்கு கோட்டுக்குப் பிறகு கருப்பு அழகாகிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்து, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்ததைக் கன்னத்தில் தடவி, காய்ந்தபிறகு சிரிக்க முடியாமல் அரைநாள் நின்றேன். அம்மா தன் பங்குக்கு, வண்டியின் இரண்டு பக்கமும் மங்களகரமாக ஒரு மஞ்சள் கோடு இழுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இழுக்கவைத்தாள்.

மாதனூரிலிருந்து வேலு என்பவர் தன் கல்யாணத்துக்கு, அம்மா சரோஜாம்மாவோடு வண்டி பேச வந்தது அந்த வாரம்தான். ஷூ கம்பெனியில் கடைசிச் 'செக்கிங்'கில் இருந்தார் வேலு. பெண் வீடு ஒடுகத்தூர். வெள்ளை வண்டியெல்லாம் முன்பதிவாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் எங்கள் வாசல்வரை வந்திருந்தார்கள்.

வேலு பார்த்த உடனே மயங்கிவிட்டார். "யம்மா, எக்ஸ்போர்ட் ஷூ மாதிரி கீதும்மா!"

"அப்ப கால்ல போட்டுக்கினு போ" என்றாள் சரோஜாம்மா. "கல்யாணத்துக்குக் கருப்பு வேணாம். வாடா."

அன்றும் வந்திருந்த காதர் பாய் குறுக்கே வந்து நின்றார். "ஒரு நிமிசம்மா. மாப்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வெப்பீங்கல்ல, இன்னா கலர்ல?"

"கருப்புதான்."

"கன்னத்துல இத்தினியூண்டு பொட்டு. எத்தினி கண்ணத் தாங்கும்? ரொம்பக் கம்மி. இங்க பாருங்க, வண்டி முழுக்கப் பொட்டு. எவன் கண்ணு வெச்சாலும் வண்டி வாங்கிக்கும், புள்ள மேல ஒட்டாது."

சரோஜாம்மா மாடு பிடிக்க வந்தவள் மாதிரி வண்டியை ஒரு சுற்று வந்தாள். மஞ்சள் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பின் அப்பாவைப் பார்த்து, "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, உங்களத்தான் கேப்பேன்" என்றாள். அப்பா தலையாட்டினார். அவர் மூச்சுவிடுவது எனக்கு வாசல்வரை கேட்டது.

மாப்பிள்ளை அழைப்பன்று அப்பா என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார். மாதனூரிலிருந்து ஒடுகத்தூர்வரை வழியெல்லாம் நிலக்கடலைக் காடு வெடித்துக் கிடந்தது; ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், வண்டியையா மாப்பிள்ளையையா என்று சொல்ல முடியாது. பெண் வீட்டு வாசலில் நிறுத்தினோம். யாரோ பன்னீர் தெளித்தார்கள். பானெட்டில் சொட்டு விழுந்த இடமெல்லாம் சாம்பல் பூத்தது.  மலைப் பக்கம் ஒரு இடி இடித்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரவும், மழை வரவும் சரியாக இருந்தது.

பூசிய அத்தனையும் இறங்கியது. மேற்கூரையிலிருந்து வெண்மையாக, பால் பொங்கி வழிவது மாதிரி வழிந்து, கதவில் சாயத்தோடு கலந்து, சக்கரத்தடியில் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. இறங்கும்போது வண்டியில் உரசிய மாப்பிள்ளையின் பட்டுவேட்டி இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கருப்பு. அப்பா மழையில் இறங்கித் தோள்துண்டால் துடைத்தார், துடைக்கத் துடைக்கத் துண்டுதான் கருப்பானது. வேலு குனிந்து தன் வேட்டியைத் தொழில்முறையாகப் பரிசோதித்துவிட்டு, "கலர் இறங்குதுண்ணா. எங்க செக்கிங்குல வந்திருந்தா லாட்டையே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்" என்று சிரித்தார். சரோஜாம்மா சிரிக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓடுகிற வெள்ளை நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

 வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா அம்மாவிடம், "திங்கக்கெழம டேனரிக்குப் போய்க் கேட்டுப் பாக்கறேன்" என்றார். அம்மா துண்டை வாங்கி ஊறவைத்தாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கி சரோஜாம்மா எங்கள் தெருவுக்குள் வந்தாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா, பீரோவிலிருந்து தன் அண்ணன் எடுத்துக்கொடுத்த புது வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வேட்டி கெடக்குது, உள்ள வையி" என்றாள் சரோஜாம்மா. அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, நான் பாத்தேன். எம்புள்ள மேல பட்ட கண்ணெல்லாம் வெள்ளையா வழிஞ்சி தெருவோட போச்சி. எங்க நாத்தனா கிட்ட வந்து நின்னா பாருங்க, அப்ப இன்னும் ஜாஸ்தியா வழிஞ்சிது!"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லம்மா, அது சீசனு. முட்ட, பாலு. மழைக்குக் கரைஞ்சிருச்சி."

"கரையணும்ண்ணே. கரையலன்னா எங்க போவும்?"

எத்தனையோ தத்துவப் புத்தகங்கள் படித்துவிட்டேன், இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. சரோஜாம்மா, "நாளைக்குச் சோளிங்கர் மலைக்குப் புது ஜோடியக் கூட்டிக்கினு போணும். இந்த வண்டிதான்" என்று சொல்லி, கொண்டுவந்த நிலக்கடலைப் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை அப்பா போனது சோளிங்கருக்கு.

அதன்பிறகு மாதனூரும் ஒடுகத்தூரும் எங்கள் வாசலுக்கு வந்தன. வந்தவர்கள் முதலில் கேட்டது, "வெள்ளையா வழியுமா?" என்பதுதான். அப்பா ஒவ்வொருவருக்கும் முட்டை, பால் என்று பொறுமையாக விளக்கினார். அவர்கள் ஒரு டாக்டரின் அடக்கத்தைப் பாராட்டுவது மாதிரி கேட்டுக்கொண்டார்கள். மழை இல்லாத முகூர்த்தங்களில் அவர்களே வண்டிமேல் குடம் குடமாக ஊற்றினார்கள். அதுவும் லாரியில் வந்த நல்ல தண்ணீர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாகச் சீசன் ஏற்ற வேண்டியிருந்ததால், வெள்ளைக்கரு காருக்கும் மஞ்சள்கரு எனக்கும் என்றானது. இன்றைய என் கொழுப்புக் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்கிற டாக்டரிடம் இந்த வரலாற்றை நான் சொன்னதில்லை. அப்பா மறுபடி டேனரி வாசலை மிதிக்கவில்லை. நெஞ்சு விசில் நிற்கவில்லைதான். ஆனால் அதோடு அவர் ரொம்ப வருடம் ஓட்டினார்.

போன மாதம் என் காரை நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். அதுவும் கருப்புதான், வாங்கும்போது வேறு நிறம் கண்ணில் படவில்லை. குளிரூட்டிய கண்ணாடி அறையில் ஒரு பையன் 'செராமிக் கோட்டிங்', கண்ணுக்குத் தெரியாத 'ஃபிலிம்' என்று ஒவ்வொன்றாக விளக்கி, ஒரு பானெட்டின் மேல் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஒரு கறையையும் விடவில்லை. "எதுவும் ஒட்டாது மேடம். பிளாக்னா இப்ப தனி கெத்து, கல்யாணத்துக்கெல்லாம் அதத்தான் கேக்கறாங்க" என்றான். 'சாவு வண்டி' என்ற சொல்லை அவன் கேள்விப்பட்டதே இல்லை. கருப்புக்கு அஞ்சிய அந்தப் பெரியவர்கள் இல்லை, காதர் பாய் இல்லை, அம்பாசிடர் எந்தப் பழைய இரும்புக் கடையில் எத்தனை துண்டாகப் போனது என்று தெரியாது.

போன வருடம், ஒரு வளர்பிறை நாளில் அப்பா போய்ச்சேர்ந்தார். அவரை எடுத்துப்போக வந்த வண்டி வெள்ளை வெளேரென்று இருந்தது, சுற்றிலும் கண்ணாடி. அழுது ஓய்ந்திருந்த அம்மா வாசலுக்கு வந்து அதை மேலும் கீழும் பார்த்தாள். டிரைவரைக் கூப்பிட்டு, "ஏம்பா, கருப்புல எதுவும் கெடைக்கலியா?" என்று கேட்டாள்.

"முகூர்த்த நாளும்மா" என்றான் அவன். "கருப்பு வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போய்டுச்சி."

அம்மா, "போவட்டும்" என்றாள்.