முகம் காட்டாமல் வளர்த்த குட்டி

கரடிக்குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆளுக்குக் காப்பகத்தில் சிடுமூஞ்சி என்று பெயர். பதினெட்டு வருடத்தில் எந்தக் குட்டியிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பலகையில் ஓட்டை போட்டு, அதன் வழியே பால் புட்டியை நீட்டுவார், முகத்தைக் காட்ட மாட்டார். மனுஷனிடம் ஒட்டிக்கொண்ட கரடி காட்டுக்கு ஆகாது. அங்கே அடக்கிய பேச்சையெல்லாம் வீட்டில் வந்து கொட்டுகிறார் என்பாள் மனைவி.

வெளிநாட்டிலிருந்து சேவை செய்ய வருகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை வந்த பெண், வந்த அன்றே அவர் அப்போது வளர்த்துவந்த குட்டிக்குப் பெயர் வைத்தாள். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத் தினமும் அதை மடியில் போட்டுக் கொஞ்சினாள். மேனேஜர் கண்டும் காணாமல் இருந்தார். சிடுமூஞ்சிக்கு மட்டும் தெரியாது.

குட்டியை விடும் நாளில் காட்டோரமாகக் கூண்டைத் திறந்தார்கள். அது மரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் ஆனந்தத்தில் அழுதாள், எல்லோரும் கைதட்டினார்கள்.

"என்ன பாசம் பாத்தியாய்யா!" என்றார் மேனேஜர். "ஏழு மாசம் வளத்தியே, உன்னைத் திரும்பிப் பாத்துச்சா?"

"பாக்கக் கூடாதுன்னுதானேய்யா நாயா உழைச்சேன்!" என்று கத்தினார் சிடுமூஞ்சி. "நாளைக்கு ஒருத்தன் துப்பாக்கியோட வருவான். அவன் காலையும் இது இப்படித்தான் போய்க் கட்டிக்கும்."

கைதட்டல் நின்றது. குட்டி மட்டும் பிடியை விடவில்லை.